கடிகாரம் சரியாகத்தான் காட்டியது: ரங்கூன் 29ஆவது தெருக் கணினிப் பழுதுக்கடை

ஐந்துக்கு நாலு நட்சத்திரம். ஒன்றை ஏன் பிடித்துக்கொண்டேன் என்று பின்னால் சொல்கிறேன்.

கடைக்குப் பெயர் கிடையாது. கொன்ஸேடான் தெருக் காளியம்மன் கோவிலில் கும்பிட்டுவிட்டு அனவ்ரதா சாலையைக் கடந்து 29ஆவது தெரு மேல் பிளாக்குக்குள் நுழைந்தால், மாடிப்படிக்குக் கீழே ஒரு இரும்புக் கதவு. அதில் பர்மிய எழுத்தில் 'கணினி, பிரிண்டர் பழுது' என்று சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கும். உள்ளே ஆள் இருக்கிறாரா என்று குனிந்து பார்க்க வேண்டும். ஒரு மேசை, ஒரு சாலிடரிங் இரும்பு, அம்மன் காலண்டர் ஒன்று, ஷ்வேடகோன் காலண்டர் ஒன்று. உட்கார ஒரே ஒரு பிளாஸ்டிக் முக்காலி. அதிலும் பாதி நேரம் யாருடைய மானிட்டராவது உட்கார்ந்திருக்கும்.

நான் அச்சு வேலை செய்கிறவள். கல்யாணப் பத்திரிகை, கோவில் நோட்டீஸ், கருமாதிக் கார்டு, இடையிடையே ஜாதகம். ஜாதகம் நான் கணிப்பதில்லை. என் அக்கா மகன் சிங்கப்பூர் போவதற்கு முன்னால் பைத்தானில் ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். பிறந்த தேதி, நேரம், ஊர் கொடுத்தால் கட்டம் போட்டுத் தந்துவிடும். கடையில் இருக்கும் ஒரே பெட்டியில் டெபியன் லினக்ஸும் விண்டோஸும் இரண்டும் உண்டு. பத்திரிகை வேலைக்கு விண்டோஸ், மற்ற எல்லாவற்றுக்கும் லினக்ஸ்.

2024 கடைசியில், ஐப்பசி மாதம், பெகூவிலிருந்து ஒரு அம்மா வந்தார். அவருடைய அப்பாவுக்குச் சதாபிஷேகம். பத்திரிகையோடு பெரியவரின் ஜாதகத்தையும் புதிதாக எழுதித் தரவேண்டும், பழையது செல்லரித்துவிட்டது என்றார். அரித்தது போக மிஞ்சிய ஓலைப் பழுப்புக் காகிதம் ஒன்றை ஜிப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அதில் படிக்க முடிந்தது இவ்வளவுதான்: சுபானு வருஷம், மாசி 12, காலை மணி 9.20, உதயாதி நாழிகை 1, கும்ப லக்னம்.

நான் நிரலில் போட்டேன். லக்னம் கும்பம் வரவில்லை. கட்டம் தாண்டிப் போயிருந்தது. மறுபடி போட்டேன், அதேதான். சரி, எழுதினவர் கைப்பிழை என்று நினைத்தேன். அப்புறம்தான் நாழிகை கண்ணில் பட்டது. உதயாதி ஒரு நாழிகை என்றால் சூரியன் உதித்து 24 நிமிஷம். மாசியில் பெகூவில் ஆறரைக்குச் சற்று முன்னால் உதயம். அப்படியானால் பிள்ளை பிறந்தது ஏழுக்குப் பத்து நிமிஷம் முன்னால். பிறகு எங்கிருந்து வந்தது 9.20? ஒரே காகிதத்தில் ஒரே ஆள் இரண்டு விதமாகவா எழுதுவார்?

இதே சமயத்தில்தான் கணினி வேறு படுத்த ஆரம்பித்தது. எங்கள் ஊர் மின்சாரம் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கரண்ட் போய் வந்து பெட்டியைப் போட்டால் முதல் நீலத் திரையில் 2012 ஜனவரி 1 என்று நிற்கும். லினக்ஸுக்குள் போனால் அது வேறு ஒரு பழைய தேதி காட்டும். எந்த இணையப் பக்கம் திறந்தாலும் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று கதவை அடைக்கும். நானும் கையில் மொபைலைப் பார்த்து நேரத்தைத் திருத்திவிட்டு வேலையைத் தொடங்குவேன். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, சில நாள் மூன்று. அகல்விளக்குக்கு எண்ணெய் விடுகிற மாதிரி ஆகிவிட்டது.

இதற்கு முன்னால் ஒரு கடைக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். அங்கே 35,000 கியாட் வாங்கிக்கொண்டு லினக்ஸை மறுபடி நிறுவிக் கொடுத்தார்கள். 'நேரம் சரியா இருக்கா பாருங்க' என்று சுவர்க் கடிகாரத்தையும் திரையையும் காட்டினார்கள். இரண்டும் பத்தே கால். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அந்த வேலையின் லட்சணம் இந்தத் தம்பியிடம் வந்த பிறகுதான் தெரிந்தது.

தம்பிக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். தமிழ் பேசுவார், வாசிக்க வராது. நடுநடுவே பர்மியம் புகுந்துவிடும். பர்மிய மொழியில் கடிகாரத்துக்கும் மணிக்கும் 'நாயி' என்றுதான் பெயர். சின்ன வயதில் நாங்கள் பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். எங்கள் வாத்தியாரம்மா மட்டும், சிரிக்காதே, அது நம் நாழிகையின் ஒன்றுவிட்ட தங்கச்சி என்பார். தம்பி பெட்டியைப் போட்டதும் சொன்ன முதல் வார்த்தை, 'அக்கா, நாயி சரியாத்தான் இருக்கு. ஆனா பொய்.'

அவர் திரையின் மூலையில் இருந்த நேரத்தைப் பார்க்கவே இல்லை. கறுப்பு சன்னலைத் திறந்து 'டேட்' கட்டளையை 'மைனஸ் யூ' சேர்த்து அடித்தார். உலகப் பொது நேரம் வந்தது. தன் மொபைலில் அதே பொது நேரத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். மொபைலில் 4.40. என் பெட்டியில் 4.10. மூலையில் இருந்த உள்ளூர் நேரமோ இரண்டிலும் 11.10.

நான் ஒன்றும் புரியாமல் முழித்தேன். அவர் ஒரு பிரிண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டுக் காட்டினார். யூனிக்ஸ் வழி வந்த பெட்டிகள் எல்லாம் உள்ளே வைத்திருப்பது ஒரே ஒரு எண்தான். 1970 ஜனவரி 1, பொது நேர நள்ளிரவிலிருந்து இதுவரை ஓடிய நொடிகள். நாம் திரையில் பார்க்கிற மணி, அந்த எண்ணின் மேல் நேர மண்டலம் என்கிற சட்டையைப் போட்டுக் காட்டுவது. பர்மாவுக்குப் பொது நேரத்தோடு ஆறரை மணி கூட்ட வேண்டும். பாங்காக்குக்கு ஏழு. பழைய கடைக்காரர்கள் நிறுவும்போது பட்டியலில் 'மியான்மர்' என்று தேடியிருப்பார்கள். அந்தப் பட்டியல் நாடுகளின் பெயரில் இல்லை, ஊர்களின் பெயரில் இருக்கிறது. ஆசியாவில் கடைசிப் பக்கத்தில், யாகுட்ஸ்க்குக்கும் யெகாதெரின்பர்குக்கும் நடுவே ஒளிந்துகொண்டிருக்கிறது யாங்கோன். அவ்வளவு தூரம் போகப் பொறுமையில்லாமல் பாங்காக்கைத் தட்டிவிட்டார்கள்.

தட்டியதும் கடிகாரம் அரை மணி முன்னால் ஓடியிருக்கும். கையால் அரை மணி பின்னால் இழுத்திருக்கிறார்கள். இணையத்திலிருந்து நேரம் எடுக்கும் வசதி அதை மறுபடி முன்னால் தள்ளியிருக்கும். அதனால் அந்த வசதியையே அணைத்துவிட்டார்கள். சட்டை ஒரு அளவு பெரிது என்று உடம்பை வெட்டினது போல. திரையில் மணி சரி, உள்ளே இருந்த எண் 1800 நொடி பொய்.

எனக்கு அப்போதுதான் சென்னைக் காகிதக் கடைக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. 'உங்க மெயில் எல்லாம் நாங்க கடை திறக்குறதுக்கு முன்னாடியே வந்துடுதும்மா' என்று ஒரு தடவை சொன்னார். நாம் இந்தியாவுக்கு ஒரு மணி நேரம் முன்னால். இங்கே பத்து என்றால் அங்கே ஒன்பது. என் பெட்டி, பாங்காக் பத்து என்று முத்திரை குத்தி அனுப்ப, அவருக்கு அது எட்டரை என்று போயிருக்கிறது. விண்டோஸிலிருந்து அனுப்பியவை மட்டும் சரியாகப் போயிருக்கின்றன, ஏனென்றால் அங்கே மண்டலம் யாங்கோன் என்றே இருந்தது. ஒன்று சரி, ஒன்று தப்பு என்றால் மனுஷி எதைத்தான் சந்தேகப்படுவாள்?

'அப்ப தினமும் தேதி ஓடிப்போறது?' என்றேன். அது வேறு வியாதி என்றார். பெட்டியைக் கழற்றி, தாய்ப்பலகையில் இருந்த பட்டன் பேட்டரியை நகத்தால் நெம்பி எடுத்தார். சி.ஆர். 2032. இருபது மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், அதுதான் 2032. மூன்று வோல்ட் இருக்க வேண்டிய பேட்டரியில் மீட்டர் இரண்டுக்கும் கீழே காட்டியது. பெட்டியை அணைத்தாலும் பிளக் சொருகியிருக்கும் வரை பலகைக்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டிருக்குமாம். அதில் கடிகாரம் பிழைத்துக்கொள்ளும். ஊரில் கரண்டே போனால்தான் இந்தப் பொட்டு பேட்டரிக்கு வேலை. கரண்ட் போகாத ஊரில் இது செத்தது வருஷக்கணக்கில் யாருக்கும் தெரியாது. நம் ஊரில் அன்றைக்கே தெரிந்துவிடும்.

இரண்டு திரையில் இரண்டு பழைய தேதி ஏன் என்றும் கேட்டேன். சும்மா கேட்டுவைப்போம் என்றுதான். அதற்கும் பதில் வைத்திருந்தார். 2012 என்பது பலகையிலேயே இருக்கும் பயாஸ் என்கிற நிரல் தன்னை மறந்தவுடன் திரும்பிப் போகிற தேதி. லினக்ஸில் சிஸ்டம்டி என்று ஒன்று முதலில் எழுந்திருக்கும். அது, 'நான் உருவாக்கப்பட்ட தேதிக்கு முன்னால் இன்றைய தேதி இருக்க முடியாதே' என்று பார்த்து, கடிகாரத்தைக் குறைந்தபட்சம் தன் பிறந்த நாளுக்காவது தள்ளிவைக்கும். என்னைப் பெற்றவளுக்கு என்னைவிட வயது குறைவாக இருக்க முடியாது என்கிற நியாயம். எனக்குப் பிடித்துப்போயிற்று.

புது பேட்டரி போட்டார். 'டைம்டேட்சிடிஎல்' கட்டளையில் மண்டலத்தை ஆசியா, சாய்கோடு, யாங்கோன் என்று மாற்றினார். இந்தப் பெயர் நேர மண்டலத் தரவில் 2016 வரை ரங்கூன் என்றே இருந்ததாம். அரசாங்கம் 1989இலேயே மாற்றிவிட்டது, தரவுக்காரர்கள் 27 வருஷம் கழித்துத்தான் மாற்றியிருக்கிறார்கள். நான் இன்னும் மாற்றவில்லை, அது வேறு. பழைய பெயரை அடித்தாலும் புதிய பெயருக்குக் கொண்டுபோய் விடும்படி இணைப்பு வைத்திருக்கிறார்கள். நல்ல மனிதர்கள்.

மண்டலம் மாறியதும் திரையில் மணி அரை மணி பின்னால் போய் நின்றது. 'இப்பதான் உண்மை வெளிய தெரியுது' என்று சிரித்தார். மொபைலைப் பார்த்து ஒரு தடவை கையால் திருத்தினார். உடனே இணையத்தை நம்பி விட்டுவிடாததற்குக் காரணமும் சொன்னார். இணையத்திலிருந்து நேரம் எடுக்கும் பழைய என்டிபிடி நிரல் 1000 நொடிக்கு மேல் வித்தியாசம் கண்டால், நான் திருத்த மாட்டேன் என்று கைகழுவிவிட்டுப் போய்விடுமாம். பழகிய பழக்கம் அவருக்குப் போகவில்லை. அப்புறம் அதே வேலைக்குக் க்ரோனி என்று ஒன்றை நிறுவினார். இணைப்பு விட்டு விட்டு வருகிற இடத்துக்கு அதுதான் தோது என்றார். தன் மொபைல் இணைப்பிலேயே நேரத்தை எடுக்க வைத்து, ஒத்திசைந்தது என்ற வரி வரும்வரை என்னை எழுந்து போக விடவில்லை. கடைசியில் பலகைக் கடிகாரத்தில் பொது நேரத்தை எழுதிவைத்தார். பழைய கடைக்காரர்கள் அதில் உள்ளூர் நேரத்தை வைத்திருந்தார்கள். அப்படி வைப்பது சரியில்லை என்று அந்தக் கட்டளையே திரையில் எச்சரிக்கை எழுதிக் காட்டியிருக்கிறது, அதையும் தடவிக் காட்டினார். யாரும் வாசிக்கவில்லை.

மொத்தம் ஒன்றரை மணி நேரம். பேட்டரியோடு 18,000 கியாட். நடுவில் பையனை அனுப்பி எனக்கும் ஒரு லப்பேயே, அதாவது டீ, வாங்கிவரச் சொன்னார். கணக்கில் அது சேரவில்லை.

பெகூப் பெரியவரின் கதையை நான் அங்கே சொல்லவே இல்லை. மறுநாள் என் கடையில், வேறு எதையோ அச்சடித்துக்கொண்டிருந்தவள், சும்மா அந்தப் பிறப்பு விவரத்தை மறுபடி போட்டேன். கும்ப லக்னம் வந்து நின்றது. எனக்கு மயிர்க்கூச்சம் எடுத்தது. கையில் காகிதத்தை வைத்துக்கொண்டு நேரே 29ஆவது தெருவுக்கு நடந்தேன்.

தம்பி மண்டலத் தரவை வரிவரியாக விரித்துக் காட்டினார். யாங்கோனுக்கு 1920 வரை ரங்கூன் சராசரி நேரம், 6 மணி 24 நிமிஷம் சொச்சம், நொடி வரை எழுதியிருக்கிறது. அப்புறம் ஆறரை மணி. 1942 மே மாதம் அது ஒன்பது மணியாகிறது. 1945 மே மாதம் மறுபடி ஆறரை. ஒன்பது என்றால் டோக்கியோ நேரம். ஜப்பான்காரன் இருந்த மூன்று வருஷம் இந்த ஊர்க் கடிகாரம் எல்லாம் இரண்டரை மணி முன்னால் ஓடியிருக்கிறது. சுபானு வருஷத்து மாசி என்றால் 1944. அந்த மாசியில் பெகூவில் கடிகாரம் 9.20 காட்டியபோது சூரியன் உதித்து 24 நிமிஷம்தான் ஆகியிருந்தது. அந்தக் காலத்து ஜோசியர் கடிகாரத்தையும் எழுதினார், சூரியனையும் எழுதினார். இரண்டும் சரி.

பாங்காக்குக்கு அந்தத் தரவில் அப்படி ஒரு மூன்று வருஷம் கிடையாது. 1920இலிருந்து இன்று வரை ஏழு மணி, ஒரே கோடு. என் அக்கா மகனின் நிரல், ஊர் பர்மா என்றால் கணினியின் மண்டலத்தையே எடுத்துக்கொள்ளும்படி சோம்பேறித்தனமாக எழுதப்பட்டிருக்கிறது. அதனால் இன்றைய மணிக்கு அரை மணி பிழையாக இருந்தது, பெரியவரின் ஜாதகத்தில் இரண்டு மணி நேரப் பிழையாகப் போய் நின்றிருக்கிறது. இந்தக் கணக்கைக் கேட்டதும் தம்பியே, 'அப்படியா அக்கா!' என்று முக்காலியிலிருந்த மானிட்டரை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவருடைய பாட்டியும் அந்த மூன்று வருஷத்துக்குள் பிறந்தவராம்.

பழைய கடையில் லினக்ஸ் நிறுவியதிலிருந்து அந்த ஒன்றரை வருஷத்தில் நான் போட்டுக் கொடுத்த மற்ற ஜாதகங்களை எல்லாம் எடுத்து மறுபடி ஓட்டினேன். ஏழு பேருக்கு அரை மணி வித்தியாசம். இரண்டு பேருக்கு லக்னமே மாறியது. வீடு வீடாகப் போய்ப் புதுத்தாள் கொடுத்து வந்தேன். ஒரு வீட்டில் பெண்ணுக்குப் பொருத்தம் பார்த்துக் கல்யாணமே முடிந்துவிட்டது. நன்றாகத்தான் இருக்கிறார்கள், அந்தத் தாளை வாங்கி மடித்து அலமாரியில் வைத்துக்கொண்டார்கள்.

சரி, நட்சத்திரம் ஏன் ஒன்று குறைந்தது? பலகைக் கடிகாரத்தில் பொது நேரத்தை வைத்தவர், அதே பெட்டியில் விண்டோஸ் இருப்பதை மறந்துவிட்டார். விண்டோஸ் பலகையில் இருப்பதை உள்ளூர் நேரம் என்றே எடுத்துக்கொள்ளும். அன்று மாலை நான் விண்டோஸைத் திறந்தால் பிற்பகல் நாலரைக்குக் காலை பத்து மணி. ஒரு கோவில் நோட்டீஸை அந்தத் தேதி நேரத்தோடு சேமித்துவிட்டு, பழைய கோப்பு எது புதியது எது என்று தெரியாமல் தவறான பிரதியை அச்சுக்கு அனுப்பிவிட்டேன். இருநூறு தாள் வீண். திரும்பக் கொண்டுபோனதும், 'யபாதே (பரவாயில்லை) அக்கா, என் தப்பு' என்று விண்டோஸ் பதிவேட்டில் பலகைக் கடிகாரம் பொது நேரம்தான் என்று ஒரு வரி சேர்த்துக் கொடுத்தார். பணம் வாங்கவில்லை. இருந்தாலும் இருநூறு தாள் இருநூறு தாள்தான். இரண்டு இயங்குதளம் உள்ள பெட்டி என்றால் முதலிலேயே இரண்டையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ரசீது தரமாட்டார். கேட்டால் பிரிண்டர் தாளில் பேனாவால் எழுதித் தருவார், எனக்குத் தந்ததில் அந்த 4.40, 4.10 கணக்கும் கூடவே இருக்கிறது. வேலை நடக்கும்போது பக்கத்துக் கடை ஜெனரேட்டர் புகை நேரே உள்ளே வரும், மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் பெட்டியைக் கொடுத்துவிட்டு வெளியே நிற்கலாம். மத்தியானம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை கதவு சாத்தியிருக்கும். அமாவாசை, பௌர்ணமி இரண்டும் விடுமுறை, ஒன்று நமக்கு, ஒன்று பர்மியர்களுக்கு. இன்னொன்று, பெட்டியை மூடிக் கொடுக்கும்போது திருகாணிகளை எண்ணி வாங்குங்கள். எனக்கு ஆறில் நாலுதான் வந்தது.